சக்கை இல்லாத காப்பி

ஒரு பொருளைக் காசுக்கு விற்பதைவிடச் சும்மா கொடுப்பதுதான் சிரமமான தொழில்.

முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, யாரும் திறந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றவர்கள் உங்களில் இருந்தால், நீங்கள் என் சொந்தம். கல்லூரியில் வேதியியல் முடித்துவிட்டு, அருப்புக்கோட்டையில் ஒரு இன்ஸ்டன்ட் காப்பி கம்பெனியின் சாம்பிள் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். வண்டியில் ஒரு கேஸ் அடுப்பு, பால், காகிதக் கப்புகள், ஒரு மைக், ஓட்டுநர் செல்வம் அண்ணன், நான். ஊர் ஊராகப் போய்க் காப்பி கலந்து கொடுத்து, மைக்கில் அதன் பெருமையைப் பேச வேண்டும்.

முதல் மூன்று மாதம் தற்காலிகம். கடைசி நாளில் மதுரையிலிருந்து மேனேஜர் வந்து கூடவே நின்று பார்ப்பார். பேசினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் பி.எட். சேர்வதாக இருந்தேன். பேசப் பயப்படுகிறவள் எதற்கு டீச்சர் ஆக வேண்டும் என்று கேட்காதீர்கள். வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள்.

மைக்கைப் பிடித்த முதல் நாள், "வணக்கம்" என்றேன். அடுத்த சொல் வரவில்லை. செல்வம் அண்ணன் ஒரு பாட்டைப் போட்டுக் காப்பாற்றினார். அதன்பின் தினமும் பாட்டுதான்.

வடிகட்டி

திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில், ஓர் அக்கா சாம்பிள் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து அடுப்பைப் பற்றவைத்தார். பால் காய்ந்ததும் பொடியைக் கொட்டி, டீத்தூளைக் கொதிக்கவிடுவதுபோல் பொங்கப் பொங்கக் கொதிக்கவிட்டார். 'கலக்கினாலே போதும் அக்கா' என்ற வாக்கியம் என் தொண்டை வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

பிறகு வடிகட்டியை வைத்து வடித்தார். அதில் கொஞ்சம் பாலாடை மட்டும் நின்றது. வடிகட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கவிழ்த்துத் தட்டினார். பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். கரைதிறனைப் பற்றி நாலு பக்கம் எழுதச் சொன்னால் எழுதுவேன். அன்று வாயில் வந்தது, "எல்லாம் கரஞ்சிரும்க்கா" என்பது மட்டும்தான்.

"சக்கை நிக்கலேன்னா அது காப்பி இல்லத்தா, கலருப்பொடி. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கயில இதத்தான் சுண்ணாம்புல கரச்சோம்!"

தலைவலி

நரிக்குடி போகும் வழியில், கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கப்பை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. என் முகத்தையே கவலையோடு பார்த்தார். எங்கள் பக்கத்தில் பலருக்குக் காப்பி ஒரு மருந்து. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்துத் தரச் சொல்லும்போது, மாத்திரை கேட்கும் குரலில்தான் கேட்பார்கள்.

"எனக்குத் தலவலி ஒண்ணும் இல்லையே தாயி. ஒனக்கு இருந்தா நீ குடி."

கேன் தண்ணீர்

இதில் தப்பு என்னுடையது. எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல ஊர்களில் உப்புக் கரிக்கும். அதனால் செல்வம் அண்ணனும் நானும் டவுனிலிருந்தே கேன் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போவோம். ஒரு கிராமத்தில் குடித்தவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். நான் வாயே திறக்காமல் பெட்டி காலியானது. அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவாரம் அதே தெருவில் வண்டி நின்றதும் நாலைந்து பெண்கள் தங்கள் வீட்டில் கலந்த காப்பியை டம்ளரில் எடுத்துக்கொண்டு வந்து, என்னைக் குடித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு வாய் குடித்தேன். காப்பி மாதிரியும் இருந்தது, ரசம் மாதிரியும் இருந்தது. அன்று நாங்கள் எந்தத் தண்ணீரில் கலந்தோம் என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிமேல் அந்தந்த ஊர்த் தண்ணீரில்தான் கலந்து காட்டுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். திட்டப் போகிறார்கள் என்று நின்றிருந்தபோது, முன்னால் நின்ற அக்கா கேட்டார்:

"பொடி கெடக்கட்டும்மா. அந்தத் தண்ணி எந்தக் கடையில கெடைக்கும், அதச் சொல்லு மொதல்ல."

மளிகைக் கடை

அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி. எங்கள் பொடியை அவரைப்போல் விற்றவர்கள் யாரும் இல்லை. 'இதுல உள்ள மணம் எதுலயும் வராது' என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அவர் சொல்வதைக் கேட்டால், எனக்கே ஒரு பாக்கெட் வாங்கத் தோன்றும். அவர் பேசுவதை மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று கடை ஓரமாக நின்றிருந்தேன். பதினொரு மணிக்கு, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து டபராவில் காப்பி வந்தது. கடைக்கே மணந்தது. சந்தேகமே இல்லை, ஃபில்டர் காப்பி. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். கொஞ்சமும் கூச்சப்படாமல் ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"விக்கிறது வியாபாரம், குடிக்கிறது வயிறு. ரெண்டையும் போட்டுக் கலக்கப்பிடாதும்மா."

தறிச்சத்தம்

மூன்று மாதத்தில் நான் நிம்மதியாக வேலை செய்த இடம் ஒரு விசைத்தறிக் கூடம். உள்ளே நுழைந்தால், பக்கத்தில் நிற்பவர் சொல்வதுகூடக் கேட்காது. அங்கே எல்லாரும் கையாலும் கண்ணாலும்தான் பேசுகிறார்கள். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினால் சர்க்கரை கொஞ்சம். உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும். கட்டைவிரலை உயர்த்தாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினால், பரவாயில்லை என்று அர்த்தம். அரைமணி நேரத்தில் நானும் அந்தப் பாஷையில் சரளமாகிவிட்டேன். ஒருவரைக்கூட விடாமல் கொடுத்தேன். நூல் சுற்றும் ஓர் அக்கா வாசல் வரைக்கும் வந்து, என் தோளைத் தட்டினார்.

"எந்தக் கம்பெனிக்காரவுக வந்தாலும் தறியோட போட்டி போட்டுக் கத்திட்டுப் போவாக. கத்தாமக் குடுத்தவ நீ ஒருத்திதான்."

காரியாபட்டிச் சந்தை

கடைசி நாள் வந்தது. மேனேஜர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு, காரியாபட்டிச் சந்தையில் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கை என்னிடம் தந்தார். நான் "வணக்கம்" என்றேன். மைக் கீச்சென்று கத்தியது. அதற்கப்புறம் மைக்கும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பி.எட். கண்ணெதிரே கிளம்பிப் போவது தெரிந்தது.

"குடும்மா இங்க. எப்படிப் பேசுறதுன்னு பாத்துக்க" என்று மேனேஜர் மைக்கைப் பிடுங்கினார். "நான் முடிக்கிற வரைக்கும் யாருக்கும் குடுக்காதே. ஆர்வம் வரணும்." மலைத்தோட்டத்தில் தொடங்கினார், பனித்துளி, பதமான வறுவல் என்று போனார். ஊற்றி வைத்த கப்புகளில் ஆடை கட்டத் தொடங்கியது. முன்வரிசையில் வெண்டைக்காய்க் கூடையை இறக்கி வைத்து நின்ற அம்மா, கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "ஏய்யா, நீங்க அந்த மலையவிட்டு எறங்குறதுக்குள்ள காப்பி செத்துப் போயிரும். அந்தப் புள்ளையக் குடுக்கச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. மேனேஜர் மைக்கை அணைத்தார். நான் ஆறிய கப்புகளை ஒதுக்கிவிட்டு, புதிதாகக் கலந்து நீட்டினேன். கொதிக்கவிடலாமா, ஆட்டுப்பாலில் போடலாமா, குடித்தால் தூக்கம் போய்விடுமா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அவரவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்ததால், அவர்களே பக்கத்தில் குனிந்து வந்தார்கள். மதியத்துக்குள் கொண்டுபோன பெட்டிகள் தீர்ந்துவிட்டன.

திரும்பும்போது மேனேஜரும் எங்கள் வண்டியிலேயே வந்தார். செல்வம் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கைப்பையைப் பார்த்தேன். அருப்புக்கோட்டை எல்லைக்குள் நுழையும்போது மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"மைக்க நாளைக்கு ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துரும்மா. வண்டிய நீயே வச்சுக்க."

இந்த மூன்று மாதத்தில் எனக்குப் புரிந்தது என்னவென்றால், எங்கள் பக்கத்து மக்கள் இன்ஸ்டன்ட் காப்பியை ஆற அமரத்தான் குடிப்பார்கள், அபிப்பிராயத்தை மட்டும் கப்பை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.