சிவப்பு நட்சத்திரங்கள் மங்கிய மாதம்

என் அக்காவுக்கு மறதி என்ற நோய் கிடையாது. பள்ளியில் தன் பென்சிலை ஒடித்தவளை ஐம்பத்தெட்டு வயதிலும் திட்டிக்கொண்டிருப்பவள். அப்படிப்பட்டவளிடம் போய் ஒரு நட்சத்திரத்தைத் திருடினார், வானம் பார்ப்போர் சங்கத்தின் செயலாளர். பேச எழுந்தால் முகவுரையிலேயே அரை மணி நேரம் போய்விடும் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு முகவுரை என்றே பெயர்.

அக்காவுக்குச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. ஒருவருடைய சொந்தப் பல்லுக்குப் பக்கத்தில் மாதிரிப் பற்களை வைத்து, இதைவிட வெளுப்பு, அதைவிட மஞ்சள் என்று நிறத்தை முடிவு செய்வாள். சாயங்காலம் மொட்டைமாடியில் தொலைநோக்கி வழியாகச் செய்வதும் ஏறக்குறைய அதேதான். சில நட்சத்திரங்களின் ஒளி மாதக்கணக்கில் கூடும், குறையும். பக்கத்திலிருக்கும் மாறாத இரண்டு வெள்ளை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு என்று ஓர் எண் சொல்வாள். நான் எழுதிக்கொள்வேன். உறுப்பினர்களின் எண்கள் மாதம் ஒரு முறை முகவுரைக்குப் போகும். அவர் தன்னுடைய எண்களையும் சேர்த்து, உலகம் முழுவதிலிருந்தும் இவற்றைத் திரட்டுகிற மையத்துக்கு அனுப்புவார்.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு புள்ளி எரிந்துகொண்டிருந்தது. நோவா. கண்ணுக்கு எட்டாமல் கிடந்த நட்சத்திரம் திடீரென்று வெடித்துப் பிரகாசமாகியிருந்தது. புதிதாக எதைப் பார்த்தாலும் மையத்துக்குச் சொல்வதற்கு முன் இன்னொருவரையும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். அக்கா முகவுரைக்கு போன் போட்டாள்.

"அது பழைய நட்சத்திரம்மா, பட்டியல்லயே இருக்கு. போய்த் தூங்குங்க" என்றார் அவர்.

நான்காம் நாள் அறிவிப்பு வந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் முகவுரையின் பெயர். போனில் பேசியதற்கு யார் சாட்சி? கேட்டவர்களிடம், "பாவம், அவங்க கனவு கண்டிருப்பாங்க" என்றாராம். அன்றோடு அக்கா அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். சங்க விதிப்படி பட்டியல் மட்டும் மின்னஞ்சலில் போகும். "இந்த ஆளை ஒரு வழி பண்ணாம நான் கண்ணை மூட மாட்டேன்" என்று பல் வார்க்கும் மெழுகைப் பிசைந்தபடி என்னிடம் சொன்னாள். அந்த மெழுகின் கதியைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது.

போன வருடம் அவளுடைய வலது கண்ணில் புரை எடுத்தார்கள். தொலைநோக்கியில் வைக்கிற கண் அது. அடுத்த மாதம் பார்த்தால் சிவப்பு நட்சத்திரங்கள் அத்தனையும் ஒரே அளவுக்கு மங்கியிருந்தன. மற்றவை எப்போதும்போல. "என் கண்ணு போச்சுடி" என்று பதறிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் சிரித்தார்.

"உங்க பழைய லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியை மறைச்சிட்டிருந்துச்சு. அதனால வெள்ளை மங்கலாவும் சிவப்பு தூக்கலாவும் தெரிஞ்சிருக்கு. இப்பதான் சரியா பாக்கறீங்க."

அக்கா ஆபரேஷன் தேதியை மையத்துக்கு நேரடியாகவே எழுதிப் போட்டாள். ஒழுங்கான மனுஷி. பிறகு, மற்ற நாட்டுக்காரர்கள் என்ன பார்த்தார்கள் என்று மையத்தின் வரைபடங்களை எடுத்துப் பார்த்தாள். யாருக்கும் எதுவும் மங்கவில்லை. முகவுரையைத் தவிர. அதே வாரம், அதே சிவப்பு நட்சத்திரங்கள், அதே அளவு. பழைய வருடங்களையும் புரட்டினோம். அக்காவின் எண்ணில் ஒரு புள்ளி கூட்டினால், இல்லை ஒரு புள்ளி குறைத்தால் அவருடைய எண். அக்காவுக்கு ஆபரேஷன் செய்தால் அவருக்குக் கண் தெளிகிறது!

"அடுத்த மாசம் ஒரு பொய் எண்ணை அனுப்புக்கா. அதையும் காப்பி அடிப்பார், கையும் களவுமா பிடிக்கலாம்" என்றேன்.

"அவன் திருடினா நான் புளுகணுமா? இந்த நோட்டுல ஒரு பொய் ஏறினா உன் கையை ஒடிச்சிடுவேன்."

எட்டு மாதம் பொறுத்தாள். பட்டியல் அனுப்பும் ஒவ்வொரு முறையும் லேசாகச் சிரிப்பாள். 

ஆண்டுக் கூட்டம் வந்தது. இருபதாயிரம் எண்கள் அனுப்பியதற்காக முகவுரைக்கு அன்றைக்குப் பாராட்டுப் பத்திரம். அவருடைய அரை மணி நேர முகவுரை முடிந்து, அந்த வருடம் வந்த வால்நட்சத்திரங்களும் இரண்டு நோவாக்களும் முடிந்து, திரையில் ஒரு வரைபடம் வந்தது. அவர் அக்காவின் பக்கம் கையைக் காட்டினார்.

"பாருங்க, அம்மாவோட கோடும் என் கோடும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கு. பயிற்சின்னா இதுதான்."

அக்கா எழுந்தாள். "சார், உங்களுக்குக் கண் ஆபரேஷன் எப்போ ஆச்சு?"

"எனக்கா? இந்த வயசுலயும் ஒரு சொட்டு மருந்து விட்டதில்லம்மா!"

நுணலும் தன் வாயால் கெடும். அக்கா ஆஸ்பத்திரிச் சீட்டைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, விஷயத்தை நான்கே வாக்கியத்தில் சொன்னாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் பாராட்டுப் பத்திரத்தை உறைக்குள் திருப்பிப் போட்டார். எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவருடைய எண்கள் அனைத்தையும் நீக்கப்போவதாக மையம் கடிதம் எழுதியது. மறுநாளே முகவுரை எங்கள் வாசலில் நின்றார், கையில் ஒரு தாளோடு. முகவுரை இல்லாமல் பேசினார்.

"நோவாவை முதல்ல பார்த்தது நீங்கதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்க பேருக்கே மாத்திடுவாங்க. என் எண்களை மட்டும் எடுக்க வேணாம்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுங்கம்மா. முப்பது வருஷம்."

நான் பேனா எடுக்கத் திரும்பினேன். இந்தத் தாளுக்காகத்தானே பதினோரு வருடம் வெந்தாள்? அக்கா அதை இரண்டு முறை படித்தாள். மடித்து அவர் சட்டைப்பையிலேயே வைத்தாள்.

"உங்க பேர்லயே இருக்கட்டும் சார். இனிமே அதைப் படிக்கிறவங்க எல்லாம், இதை யார்கிட்ட திருடினான்னு கேப்பாங்க."

கதவைச் சாத்தினாள்.

"அக்கா, உன் பேரு வந்திருக்குமே!" என்று நான் கத்தினேன். அவள் கதவிலேயே சாய்ந்து நின்றாள்.

"ஜன்னல் வழியா பாரு. அழறானா?"

பார்த்தேன். "ஆமா."

"சரி" என்றாள்.