போட்டியில்லாத தொகுதியில் என் மருமகள்

எழுத்து எனக்குக் கைவராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மறதியும் வந்துவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ஜாவில் முவைலாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். அவள் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலிருந்தே அங்கே ஒரே கட்சிதான் ஆளுகிறதாம். எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் ஆட்சி மாறாவிட்டால்தான் அதிசயம். அதனால் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"தேர்தல் உண்டா?"

"உண்டு மாமி. ஓட்டுப் போடாட்டி பட்டியல்ல இருந்து பேரையே எடுத்துருவாங்க."

"அவங்கதான் வருவாங்கன்னா ஓட்டு எதுக்கு புள்ள?"

"எத்தனை பேரு வேணாம்னு சொன்னாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்ல."

ஆனால் அவள் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. அங்கே பெரிய தொகுதிகளில் நாலைந்து பேர் கூட்டாக நிற்க வேண்டுமாம். அவர்களில் ஒருவராவது மலாய்க்காரர், இந்தியர் மாதிரி சிறுபான்மையாக இருக்க வேண்டும். எதிர்த்து ஒரு கூட்டம் சேராவிட்டால் ஓட்டே கிடையாது. முதல் தடவை அவளுக்கு அப்படித்தான் போனது. பிறகு கல்யாணம், பிள்ளை, வேலை என்று இங்கேயே தங்கிவிட்டாள். இந்தத் தடவை முன்கூட்டியே பதிந்து, துபாயில் அவர்கள் நாட்டுத் தூதரகத்தில் ஓட்டுப் போடக் கிளினிக்கில் டூட்டியும் மாற்றி வைத்திருந்தாள்.

வேட்பாளர்கள் மனு கொடுத்த அன்று காலை அடுப்படியில் போனும் கையுமாக நின்றாள். மகன்தான் முதலில் பார்த்தான். "உன் தொகுதியில எதிர்த்து யாரும் நிக்கல. ஆளுங்கட்சிக்காரங்க காலையிலயே ஜெயிச்சிட்டாங்க." அவள் பையை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டாள்.

நான் அதை நல்ல சேதி என்றுதான் எடுத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் வார்டு மெம்பர் போட்டியில்லாமல் வந்தால், சண்டையில்லாமல் முடிந்ததே என்று ஜமாஅத்தார் வீட்டுக்கு வீடு இனிப்புக் கொடுப்பார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் எடுத்து வட்டலப்பம் வைத்தேன்.

சாயங்காலம் வந்தவள் மூடியைத் திறந்து பார்த்தாள். "இது எதுக்கு மாமி?"

"ஒங்க ஆளுக ஜெயிச்சதுக்கு."

மகன் சிரித்தான். "உம்மா, மவுத்தான வீட்டுல கொண்டாந்து இனிப்பு வச்சிருக்கீங்க."

சாவு வீட்டில் இனிப்பா என்றதும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. "நீ எதிர்க்கிறவங்களுக்குப் போடலாம்னு இருந்தியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்ல மாமி. இவங்களுக்குத்தான் போட்டிருப்பேன். ஆனா நான் போட்டுல்ல அவங்க ஜெயிச்சிருக்கணும்."

வாக்குப்பதிவு அன்று இங்கே இருக்கும் அவளுடைய சிங்கப்பூர்ச் சிநேகிதிக்கு ஓட்டு இருந்தது. அவளுக்கு வேறு தொகுதி. டூட்டிதான் இல்லையே என்று மருமகளே அவளைக் காரில் துபாய்க்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். சிநேகிதி உள்ளே போக, நாங்கள் காரிலேயே இருந்தோம். மருமகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிநேகிதி திரும்பி வந்து, "ஒண்ணுமில்லடி, ஒரு தாளு, அவ்வளவுதான் லா," என்றாள் அவர்கள் ஊர்ப் பேச்சில்.

"மடிச்சுப் போட்டியா, அப்படியே போட்டியா?" என்று கேட்டாள் மருமகள்.

"மடிச்சுத்தான்."

சரி என்று வண்டியை எடுத்தாள்.

கூட்டாக நிற்பது நாலு பேரா ஐந்து பேரா, போடாதவர் பேரை எடுத்தால் திரும்பச் சேர்ப்பார்களா என்பதெல்லாம் எனக்குச் சரியாக விளங்கவில்லை. அவளிடம் மறுபடி கேட்க மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.