கற்பூரத்துக்குச் சாட்சி

தராசைக் கொண்டு பொருளை நிறுப்பதற்கு முன் தராசையே நிறுத்துப் பார்ப்பது எங்கள் தொழில். எண்பதுகளில், நான் குடியேறிய குளிர்நாட்டு நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியிலிருந்த ஒரு சிறிய ஆய்வுகூடத்தில், மூலக்கூறுகளின் திணிவை, அதாவது நிறையை, அளக்கும் இயந்திரம் ஒன்றுக்கு அடியேன் பணிவிடை செய்தேன். இயந்திரங்களுக்கு ஊழியம் செய்து பிழைத்த அன்பர்கள் இதை வாசித்துப் பெருமூச்சு விடக்கூடும், தாராளமாக விடலாம்.

முதலில் கரைசல்

அந்த இயந்திரத்தின் சொல் ஒருநாள் இருந்தபடி மறுநாள் இராது. ஆகவே காலைதோறும், திணிவு முன்னரே தெரிந்த பொருள்கள் அடங்கிய திருத்தக் கரைசலை முதலில் செலுத்துவோம். அவற்றை உரிய இடத்தில் காட்டுகிறதா என்று பார்த்துப் பிசகைத் திருத்துவோம். பின்பு ஒன்றுமே இடாமல் ஒருமுறை ஓட்டுவோம். தாளில் வெறுங்கோடு வரவேண்டும். அதன் பின்னரே வந்தவருடைய பொருள். தெரிந்ததைப் பற்றிக்கொண்டு தெரியாததை அணுகும் இந்த ஒழுங்கு எனக்குப் புதிதன்று. அடியாரை வணங்கிய பின்பே ஆண்டவனை வணங்கவேண்டும் என்று படித்து வளர்ந்தவன் நான்.

அதே நகரின் அஜின்கோர்ட் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த நவரத்தினம் இதை ஒப்பவில்லை. சிவராத்திரிக்கென அவர் வரவழைத்த கற்பூரப் பெட்டிகளை விமான நிலையத்தில் ஒரு சுங்க அதிகாரி திறந்தார். வெள்ளைக் கட்டிகளைக் கண்டார். உடனே மூடி முத்திரையிட்டார். அது இன்னதென்று ஓர் ஆய்வுகூடம் உறுதி சொன்னாலன்றிப் பெட்டிகள் வெளியே வாரா. மாதிரிக் குப்பி எங்களிடம் வந்தது. குப்பிக்குப் பின்னால் நவரத்தினமும் வந்தார். கடைக்கு வருவோர் அரிசியின் விலையை விட்டுவிட்டு, அவர் போதைத்தூள் கடத்தினாரா என்றே விசாரித்தார்களாம். நான் கரைசலை எடுப்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர், பொறுக்கமாட்டாமல் கதவைத் தட்டினார்.

“ஐயா, போறது என்ர மானம். நீங்கள் உங்கட தண்ணியை ஏன் முதல் பாக்கிறியள்?”

வெறுங்கோட்டில் வந்தவர்

கரைசல் பிசகின்றி வந்தது. அடுத்து ஒன்றும் இடாமல் ஓட்டினேன். வெறுங்கோடு வரவேண்டிய தாளில் நூற்றைம்பத்திரண்டில் ஒரு சிகரம் எழுந்தது. அது கற்பூரத்தின் திணிவு. நவரத்தினத்தின் குப்பியோ முத்திரை உடையாமல் மேசையில் இருந்தது! மீண்டும் கரைசல், மீண்டும் வெறுமை, மீண்டும் கற்பூரம்.

எங்கள் மேற்பார்வையாளர் மார்கரெட், ஸ்கொட்லாந்தில் பிறந்த அம்மையார். கரைசல் சரியாக வந்தபின் இயந்திரத்தைக் குற்றஞ்சொல்ல இயலாது. அவர் குழாய்களை முகர்ந்தார். அருகே கொளுவியிருந்த என் குளிர்மேலங்கியை முகர்ந்தார். இறுதியில் என்னையும் முகர்ந்தார். காலைப் பூசையில் கற்பூரம் நொறுக்கிய விரல்களோடும், அதன் புகை குடித்த அங்கியோடும் நான் நாள்தோறும் பேருந்தேறி வருவது அப்போதுதான் இருவருக்கும் விளங்கிற்று. எங்கள் வழக்கமான பொருள்கள் அதைவிடக் கனமானவை; தாளின் அந்தப் பகுதியை நாங்கள் அதுவரை ஓட்டியதேயில்லை. ஒன்றுமில்லாத இடத்திலேயே கற்பூரம் தெரிந்தால், குப்பியில் இருப்பது கற்பூரமென்று எவ்வாறு சான்று கூறுவது? இயந்திரத்தை ஓட்டும் மற்றவரோ விடுமுறையில் இருந்தார்.

“உங்கள் கடவுளோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அவர் என் வெறுங்கோட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்” என்றார் மார்கரெட்.

கற்பூர விரதம்

இயந்திரத்தைச் சூடேற்றிச் சுத்தம் செய்யத் தொடங்கினோம். அது முடியும்வரை என் வீட்டில் கற்பூரம் கூடாதென்று முடிவாயிற்று. என் அங்கியைக் கட்டிவைத்துவிட்டு மருமகனுடையதை அணிந்தேன். அதன் கை என் விரல்களையும் மூடிற்று. நெய்விளக்கோடு நின்ற பூசை எனக்கு உப்பில்லாச் சோறுபோல் இருந்தது. நவரத்தினம் மாலைதோறும் தொலைபேசியில், “இண்டைக்கும் கொளுத்தேல்லைத்தானே? சத்தியமாய்?” என்று கேட்பார். ஒரு மாலை அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்:

“சாமிக்குக் கற்பூரம் காட்டாமல் விட்டாத்தான் சாமிக்குக் கற்பூரம் வருமோ? நல்ல நியாயம்.”

மண்டபத்தில்

அந்த வெள்ளிக்கிழமை, வாடகை மண்டபத்தில் நடந்த வழிபாட்டுக்குச் சென்றேன். ஓரமாக, வாசலருகே நின்றேன். மிச்சமிருந்த கடைசிக் கட்டிகளைத் தட்டில் ஏற்றி, குருக்கள் புன்னகையோடு நேரே என்னிடம் வந்தார். பழகிய கைகள் தாமாகவே சுடரை நோக்கி நீண்டன. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த நவரத்தினம் எங்கள் நடுவே பாய்ந்து இரு கைகளையும் விரித்தார்.

“குருக்களையா, அவருக்குக் காட்டாதேங்கோ! அவர் என்ர சாட்சி!”

முத்திரை உடைந்தது

சிவராத்திரி நெருங்கிவிட்ட ஒரு காலையில் கரைசல் சரியாக வந்தது. அடுத்து வெறுங்கோடும் வெறுங்கோடாகவே வந்தது. ஒன்றுமில்லாத தாளைக் கண்டு நான் கைகூப்பியது அந்த ஒருமுறைதான். பின்பு முத்திரையை உடைத்தோம். நூற்றைம்பத்திரண்டு, தன் துணைச் சிகரங்களோடு, ஐயத்துக்கு இடமின்றி எழுந்து நின்றது. மார்கரெட் ஒப்பமிட்டார், பெட்டிகள் வெளியே வந்தன, சிவராத்திரிக்கு மண்டபம் ஒளிர்ந்தது.

மறுநாள் நவரத்தினம் நன்றி சொல்ல ஆய்வுகூடத்துக்கு வந்தார், ஒரு பெட்டி கற்பூரத்தைத் தோளில் சுமந்துகொண்டு. அவரைச் சன்னல் வழியே கண்ட மார்கரெட் வாசலுக்கு ஓடிக் கதவை உட்புறமாகப் பூட்டினார்.

“நன்றியை அங்கேயே வையுங்கள்! பெட்டியோடு ஓர் அடிகூட உள்ளே வராதீர்கள்!”

ஓர் இயந்திரத்தின் முன் நான் நிற்கக் கற்றுக்கொண்ட வெறுமையோடு, ஆண்டவன் முன் இன்னும் ஒருநாளும் நின்றதில்லை.