ராங் சைடில் தும்மிய பஸ்

போன மாதம் அனிமேஷன் திருவிழாவுக்குப் போயிருந்தேன். வருஷா வருஷம் நம் பெங்களூரில் நடப்பதுதான். தொழிலில் இருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் என்று எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு ஸ்டாலில் இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் என் கையில் எலெக்ட்ரானிக் பேனாவைக் கொடுத்து, "வரைஞ்சு பாருங்க மேம்" என்றாள். கண்ணாடிப் பலகையில் ஒரு முகம் வரைந்தேன். மூக்கு கோணலாகப் போனது. அழித்தேன். அழித்துவிட்டுக் குனிந்து, கன்னம் உப்ப, பலகையின் மேல் 'ஃபூ' என்று ஊதினேன்.

அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சூடா இருக்கா மேம்?" என்று கேட்டாள்.

"ஆமா, கொஞ்சம்" என்று பொய் சொல்லிவிட்டு நகர்ந்தேன். ரப்பர் தூளை ஊதினேன் என்று எப்படிச் சொல்வது? காபி விற்கிற இடம் வரைக்கும் எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனதில் இரண்டு பேர் ஒதுங்கி வழி விட்டார்கள்.

நீங்கள் அந்தத் தூளைப் பார்த்திருக்க வேண்டும். அப்போது ஜீவனஹள்ளியில் ஒரு ஐயங்கார் பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கார்ட்டூன் ஸ்டூடியோ. எட்டுப் பேர், எட்டு மேஜை. ஒவ்வொரு மேஜையிலும் உள்ளே டியூப்லைட் எரிகிற ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன்மேல் காகிதத்தை வைத்தால் அடியில் இருக்கும் முந்தைய படம் தெரியும். அதைவிட ஒரு நூலளவு தள்ளி அடுத்ததை வரைய வேண்டும். நாள் முழுக்க வரைவது, அழிப்பது, ஊதுவது. சாயங்காலம் வீட்டில் தலையை உதறினால் அம்மா, "உங்க ஆபீஸ்ல என்ன, தேங்கா துருவறீங்களா?" என்பாள். பதினொரு மணிக்குக் கீழேயிருந்து காரா பன் வேகிற வாசனை ஏறி வரும். அந்த நேரத்தில் வரைந்த காகிதங்களில் எல்லாம் வெண்ணெய்க் கைரேகை இருக்கும். கடல் கடந்து போன படங்கள் அவை. எந்த ஊர்க் குழந்தைகள் எங்கள் வெண்ணெயைப் பார்த்தார்களோ தெரியாது.

மேஜைக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் உண்டு. அழகு பார்க்க இல்லை. கதையில் வருகிறவன் கோபப்பட்டால் நாமும் கண்ணாடியில் கோபப்பட்டு, புருவம் எங்கே போகிறது என்று பார்த்து வரைய வேண்டும். பேக்கரிக்கு மைதா மூட்டை கொண்டு வந்த ஆள் ஒருநாள் வழி தவறி மேலே ஏறி வந்துவிட்டார். எட்டுப் பேரும் எட்டுக் கண்ணாடியைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தோம். மனிதர் மூட்டையைப் படியிலேயே இறக்கிவிட்டுப் போனவர்தான்.

வேலை முழுக்க வெளிநாட்டுத் தொடர்கள். பனி பெய்வதைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன், நேரில் பார்த்ததே இல்லை. மழையை வரையச் சொன்னால் கை தடுமாறும். கார் என்றால் ஸ்டியரிங் இடது பக்கம், ஓடுவது சாலையின் வலது ஓரம். அவர்கள் ஊர் வழக்கம் அது. முதல் வாரம் மாற்றி வரைந்து திட்டு வாங்கினோம். அப்புறம் கை தானாகவே அந்தப் பக்கம் போகப் பழகிவிட்டது. வினையே அங்குதான் ஆரம்பித்தது.

அப்பாவுக்கு என் வேலை புரியவே இல்லை. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். எங்கள் லிங்கராஜபுரத்திலிருந்து மார்க்கெட்டுக்கு ஓட்டுவார். சர்ச் முடிந்து வெளியே நிற்கும்போது யாராவது "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர் மாதிரி" என்பார். "கம்ப்யூட்டர் இல்லப்பா" என்றால், "மாதிரின்னுதானே சொன்னேன்" என்பார். அவர் மனசில் இருந்தது பேங்க் பரீட்சை. அந்த வருஷம் விண்ணப்பத்தைத் தானே போய் வாங்கி வந்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நாலு வருஷமா போற, வர. என்ன வேலைன்னு எனக்கு இன்னும் வெளங்கல. ஒரு தடவ காட்டு. வெளங்கிச்சுன்னா விட்டுடறேன். இல்லன்னா திங்கக்கெழம இந்த ஃபாரத்த நீ எழுதிக் குடுக்கணும்."

காட்டுவதற்கு ஒன்று இருந்தது. வேலை நேரம் முடிந்தபின் எங்களுக்காக நாங்களே வரைந்த மூன்று நிமிடப் படம். எங்கள் மேற்பார்வையாளர் நாகராஜ் சார், "பேப்பர் எடுத்துக்கோங்க, என் பேர மட்டும் இழுக்காதீங்க" என்று பெரிய மனது பண்ணியிருந்தார். கதை இதுதான்: ஒரு பஸ்ஸுக்கு ஜலதோஷம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் தும்முகிறது. ஒவ்வொரு தும்மலுக்கும் பயணிகள் அந்தரத்தில் பறந்து வேறு வேறு சீட்டில் விழுகிறார்கள். பூக்காரம்மா மடியில் போலீஸ்காரர், பேச்சுவார்த்தை இல்லாத மாமியாரும் மருமகளும் ஒரே சீட்டில். ஓட்டுநர் மட்டும் அசையமாட்டார். அந்த ஓட்டுநர் எங்கள் அப்பா, மீசை, வாட்ச் உட்பட. சமையலறையில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, கையில் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்து, ஸ்டியரிங் மாதிரி திருப்பச் சொல்லி வரைந்தேன். "சாப்பாடு எப்ப போடுவ?" என்று கேட்டுக்கொண்டே திருப்பினார். பஸ்ஸுக்கு உருவம் கொடுத்தது பக்கத்து மேஜை இம்தியாஸ். ஏழு மாதம், இரண்டாயிரத்துச் சொச்சம் காகிதம்.

திருவிழா அப்போது மல்லேஸ்வரத்தில், ஒரு கல்லூரி அரங்கத்தில். எங்கள் படத்துக்கு இரண்டு காட்சி. சனிக்கிழமை காலை தொழில்காரர்களுக்கும் மாணவர்களுக்கும். ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்கு. சனிக்கிழமை அப்பா முதல் ட்ரிப்பை முடித்துவிட்டுக் காக்கிச் சட்டையோடு வந்து, நடு வரிசையில், நடுவர்களுக்குச் சரியாகப் பின்னால் உட்கார்ந்தார். சட்டைப்பையில் அந்த ஃபாரம் துருத்திக்கொண்டு தெரிந்தது.

விளக்கு அணைந்தது. பஸ் வந்தது. அப்பா சிரித்தார். தன் மீசையை அடையாளம் கண்டுகொண்ட சிரிப்பு. அடுத்த நொடி அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி அழுத்தியது. இன்னொரு தடவை அழுத்தியது. பிறகு எழுந்து நின்றார். ஜன்னல் வழியாக ஆட்டோக்காரர்களிடம் பேசுகிற அதே குரலில், கோபமே இல்லாமல், கன்னடத்தில் சொன்னார்.

"ஏய், ராங் சைடு கணய்யா." ராங் சைடில் வர்றியேய்யா என்று அர்த்தம்.

நான் திரையைப் பார்த்தேன். சாலையின் வலது ஓரத்தில், இடது பக்க ஸ்டியரிங்கும் வலது பக்கக் கதவுமாக எங்கள் பஸ் ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்த வண்டிகளும் அதே ஒழுங்கில். ஏழு மாதம், எட்டுப் பேர், பதினாறு கண்கள், ஒன்றில்கூட இது படவில்லை. அப்பா பஸ்ஸிலேயே பள்ளிக்கூடம் போனவள் நான். டிரைவர் சீட் எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வேன். கையில் பென்சிலைக் கொடுத்தால்தான் ஊர் மறந்துபோகிறது.

முதலில் சிரித்தது நாகராஜ் சார். பிறகு முன்வரிசையிலிருந்த பெரிய பெரிய ஸ்டூடியோக்காரர்கள். அவர்களுக்கும் அப்பா சொல்லும் வரை தெரியவில்லை, அவர்களும் அந்தப் பக்கமே வரைந்து வளர்ந்தவர்கள்தானே. ஒருவர் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த நடுவர் மட்டும் என்ன ஆயிற்று என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். பாவம், அவர் ஊரில் அது சரியான பக்கம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே ஓடிப்போய் ஒரு பேனருக்குப் பின்னால் நின்று அழுதேன். இனி பேங்க்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அப்பா பேனரைத் தூக்கிப் பார்த்தார்.

"எத்தன பேப்பர் வரைஞ்ச?"

"ரெண்டாயிரத்துக்கு மேலப்பா."

"அத்தனையும் மறுபடி வரையணுமா?"

லேப்டாப்போடு பின்னாலேயே வந்திருந்த இம்தியாஸ், "வேணாம் அங்கிள், ஒரு பட்டன் அமுத்துனா படம் மொத்தமும் எடம் வலம் மாறிரும்" என்று அமுக்கிக் காட்டினான். பஸ் சரியான பக்கம் வந்தது. ஸ்டியரிங் வலது பக்கம் போனது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"சைடு கரெக்டு. போர்ட பாரு."

லிங்கராஜபுரம் என்று கன்னடத்தில் எழுதியிருந்த போர்டு கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாகத் திரும்பியிருந்தது. கம்ப்யூட்டரில் புது போர்டை ஒட்டிவிடவும் முடியாது. பஸ் தும்மும்போது போர்டும் பஞ்சு மாதிரி நசுங்கும், கோணும், துள்ளும். ஒவ்வொரு காகிதத்திலும் அது ஒவ்வொரு கோணம். போர்டு தெரிகிற படங்களை எண்ணினோம். நூற்று நாற்பது.

"அங்கிள், யாரு போர்ட படிக்கப்போறாங்க?" என்று இம்தியாஸ் மெதுவாகக் கேட்டான்.

"பஸ்ஸுக்கு நிக்கறவன் போர்டத்தான்பா மொதல்ல படிப்பான்" என்றார் அப்பா. "நான் சர்வீஸ்ல ஒரு நாளும் ராங் சைடு போனவன் இல்ல. எம் மூஞ்சிய வெச்சு ஓட்டியிருக்கீங்க. நாளைக்கு எங்க டிப்போ ஆளுங்க பிள்ளைங்கள கூட்டிட்டு வர்றாங்க. சரி பண்ணாம நான் போகமாட்டேன்." சொன்னபடியே போன் போட்டு மத்தியான ட்யூட்டியை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்.

பொதுமக்கள் வரைந்து பழகுவதற்காகத் திருவிழாவில் ஒரு கூடாரம் போட்டு இருபது லைட் பெட்டிகள் வைத்திருந்தார்கள். இம்தியாஸ் ஸ்டூடியோவுக்குப் போய் அந்த நூற்று நாற்பது காகிதங்களையும் எடுத்து வர, அங்கே போய் உட்கார்ந்தோம். விஷயம் பரவிவிட்டது. போட்டிக்குப் படம் அனுப்பியிருந்த கல்லூரிப் பிள்ளைகளே, "எங்களுக்கு அஞ்சு குடுங்கக்கா" என்று கை நீட்டினார்கள். வெளிநாட்டு நடுவர் கன்னட எழுத்துகளை ஜிலேபி சுற்றுவது போல நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். போட்டிப் படத்தில் நடுவர் கை வைக்கலாமா என்று கேட்கிற நிலையில் யாரும் இல்லை. இவ்வளவு பேர் சேர்ந்து சிரித்துக்கொண்டே வேலை செய்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அப்பா என் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தார். "இந்த எழுத்த தெனம் பாக்கறவன் நான். எனக்கும் குடு" என்றார். மூன்றாவது தும்மலில் வருகிற பன்னிரண்டு காகிதங்களைக் கொடுத்தேன். சாய்ந்த எழுத்து எழுதிப் பழக அவருக்கு வேஸ்ட் பேப்பர் வேண்டியிருந்தது. அங்கே இங்கே தேடிவிட்டு, சட்டைப்பையிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்தார். பிரித்தார். திருப்பிப் போட்டு, காலியாக இருந்த பின்பக்கம் முழுக்க லிங்கராஜபுரம் லிங்கராஜபுரம் என்று எழுதித் தள்ளினார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஒன் வேலையப் பாரு" என்றார்.

பன்னிரண்டை முடிக்க அவருக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "இது எவ்ளோ நேரம் ஓடும்?" என்று கேட்டார்.

"ஒரு செகண்டுப்பா."

"பன்னெண்டுமா?"

"பன்னெண்டும் சேந்துதான்."

பன்னிரண்டு காகிதங்களையும் தட்டி அடுக்கி என் கையில் கொடுத்தார். அப்புறம், "நாஷ்டா ஏதாவது துன்னியா?" என்று கேட்டார். எங்கள் அப்பாவிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. எனக்கு அதுவே தலைகால் புரியாத சந்தோஷம்.

வரைந்ததை எல்லாம் இம்தியாஸ் ராத்திரியோடு ராத்திரியாகப் படத்தில் சேர்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அப்பா சர்ச்சில் ஆராதனை முடித்து, அம்மாவோடு வெள்ளைச் சட்டையில் வந்தார். அரங்கம் முழுக்கக் குழந்தைகள். டிப்போ ஆட்கள் இரண்டு வரிசை. முதல் தும்மலுக்கே கூரை அதிர்ந்தது. இரண்டாவதுக்குக் குழந்தைகளும் சேர்ந்து தும்மினார்கள். மூன்றாவது நெருங்கும்போது அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்வரிசைப் பக்கம் திரும்பி டிப்போ ஆட்களிடம், "இப்ப வருது பாருங்க, நான் வரைஞ்சது" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பினார். அதற்குள் பஸ் நான்காவது நிறுத்தத்தில் நின்றிருந்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்றார்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அம்மா.

பரிசு கிடைக்கவில்லை. ஆனால் படம் முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் வராந்தா முழுக்கத் தும்மித் தும்மி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அப்பா, தான் பார்க்காத அந்த ஒரு செகண்டைப் பற்றி ரிடையர் ஆகும்வரை டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு ஆபீஸ்ல ஒரு செகண்டுன்னா பன்னெண்டு பேப்பர்" என்பார். 'கம்ப்யூட்டர் மாதிரி' என்று அப்புறம் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்தில் வெளிநாட்டு வேலை நின்றுபோய் ஸ்டூடியோவை மூடினார்கள். காகிதங்கள் எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போயின. பேக்கரி இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. இம்தியாஸ் கனடாவில் இருக்கிறான், பழகிய பக்கத்திலேயே கார் ஓட்டுகிறான். நாகராஜ் சார் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கில் படத்தின் ஒரே பிரதி இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் சொருகிக் காட்டும்படி அப்பா இரண்டு மூன்று தடவை கேட்டார். காட்டுறேம்பா, காட்டுறேம்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பா போய் நாற்பதாம் நாள், வந்திருந்த டிப்போ ஆட்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று அந்த டிஸ்க்கை எடுத்தேன். அது ஓடவில்லை. ரிப்பேர்க்காரர் மூன்று பேரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். ஒரு செகண்டுதானே, எப்போது வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.