மூன்றை வெளியே எடுத்தவள்

நேற்று அக்கா சாயா நீட்டியபோது அவள் விரல்களில் முந்திரித் தோட்டின் காறல் எண்ணெய் மணத்தது. அண்டியாபீஸில் முந்திரி உடைக்கிற வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். அந்த மணம் வந்தால் எனக்கு எட்டாம் வகுப்புதான் ஞாபகம் வரும்.

கைக்குழந்தையாக இருந்த என்னைத் தூக்கி வளர்த்ததில் பள்ளிக்குப் பிந்திப் போனவள் அக்கா. அதனால் இருவரும் ஒரே வகுப்பு. டியூஷனுக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றார் அப்பா. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், எழுத்தறியாதவர்.

"ஒரே கணக்கை ரெண்டு பேரும் செய்யுங்க. சரியா செய்யுத ஆளு போவட்டும்."

6x + 12 என்பதை, பொது எண் ஒன்றை வெளியே எடுத்து வேறு விதமாக எழுத வேண்டும். நான் 6(x + 2) என்று எழுதினேன். அக்கா 3(2x + 4) என்று எழுதினாள். அப்பா இரண்டு நோட்டையும் சேர்த்து வைத்து, பால்கறை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் ரெண்டு மாதிரியில்லா இருக்கு? அப்போ ஒண்ணு தப்பாக்கும். எலே, எது?"

அடைப்புக்குள் இருப்பதையெல்லாம் வெளியே நிற்கும் எண்ணால் பெருக்கினால் இரண்டும் ஒன்றுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"அவ எழுதினது," என்றேன்.

அக்கா சண்டை போடவில்லை. தன் விடையை ரப்பரால் அழித்துவிட்டு என்னுடையதைப் பார்த்து எழுதினாள்.

"ஒனக்கு மூளை அவ்வளவுதாம்டீ," என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். டியூஷனுக்கு நான் போனேன். பத்தாம் வகுப்பில் அவள் கணக்கில் தோற்று, அண்டியாபீஸுக்குப் போனாள்.

நேற்று நான் சாயா குடித்து முடிப்பதற்குள் அவள் மகள் கணக்கு நோட்டோடு வந்தாள்.

"மாமனுட்ட கேளு மக்கா," என்றாள் அக்கா. "அம்மைக்குக் கணக்கு ஏறாது."

நான் நோட்டை வாங்கிச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.