துவக்கை விற்கச் சொன்ன வருடம்

என் கணவர் மான் வேட்டைக்குப் போகிறவர் என்று சொன்னால் எங்கள் சனம் முதலில் சிரிக்கும், பிறகு இறைச்சியில் பங்கு கேட்கும். அவர் பிறம்ரனில் ட்றக் ஓட்டுகிறார். வருடம் முழுக்க அந்த இருக்கையில் குந்தியிருந்துவிட்டு, நவம்பரில் நாலு நாள் மட்டும் வடக்கே காட்டுக்குள் போய்க் கல்லும் சேறும் ஏறி இறங்குவார். அசையாத உடம்பை நாலே நாளில் போட்டு அடித்தால் அது என்ன செய்யும்? இரண்டு வருடத்துக்கு முன்னர் அது தன் பதிலைச் சொன்னது.

வேட்டை முடிந்து வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியவர் நிமிரவில்லை. கார் இருக்கையில் இருந்த வடிவத்திலேயே நின்றார். பதினொரு நாள் வரவேற்பறை நிலத்தில் படுத்திருந்தார். விசாரித்ததில், இரண்டாம் நாளே முதுகில் பிடித்துவிட்டது என்றும், ஒருவருக்கும் சொல்லாமல் நாலாம் நாள் ஒரு மானைக் கயிறு கட்டி இழுத்தார் என்றும் தெரிந்தது.

நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஆட்களைத் தூக்கி இருத்துவதும், திருப்பிப் படுக்கவைப்பதும்தான் என் தொழில். நோகவில்லை என்று வாயால் சொல்லிக்கொண்டு கண்ணைச் சுருக்குகிற முகங்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள். வீட்டிலும் அதே முகம் என்றால் கோபம் வராதா?

"அந்த வேட்டைத் துவக்கை வித்துப்போடுங்கோ," என்றேன்.

ஒரு கிழமை, ஏழு நாளும் போனது. பிறகு அவர் வந்து, "இன்னும் ஒருக்கா போய்வாறன். அதுக்குப் பிறகு நீர் சொல்லுறதுதான்," என்றார்.

அவருக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, ஊர்ச் சங்கத்தில் மேடை ஏறும் ஆசை இல்லை. வாயைத் திறப்பதும் குறைவு. ஆனால் காட்டிலிருந்து வந்தால் இரண்டு கிழமைக்குக் கதைப்பார். காற்று எந்தப் பக்கம் அடித்தது, எந்த மரத்தில் மான் கொம்பை உரஞ்சியிருந்தது, எல்லாம் வரும். அந்த இரண்டு கிழமையும் எனக்கும் பிடிக்கும். அதனால் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டேன். அடுத்த முறை நானும் கூட வருவேன். அவருக்கு நோ வந்ததென்றால் துவக்கு போகும்.

அடுத்த வருடம் ஓகஸ்ட் மாதமே அவர் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். பத்து இறாத்தல் பாஸ்மதிப் பையை முதுகுப் பைக்குள் வைத்துக்கொண்டு மாலையில் நடப்பார். விட்பியில் எங்கள் புதுக் குடியிருப்பில் எல்லோரும் நாயோடு நடப்பார்கள், இவர் அரிசியோடு நடந்தார். ஒக்ரோபரில் அது இருபது இறாத்தல் ஆனது. நான் ஒரு பயிற்சியும் செய்யவில்லை. நாளுக்கு எட்டு மணித்தியாலம் மனிதரைத் தூக்குகிறவள் நடை பழக வேண்டுமோ என்று இருந்துவிட்டேன்.

நவம்பரில் நாங்கள் தங்கப்போன காட்டு வீடு அவரோடு வேலை செய்யும் ஓர் அண்ணையுடையது. இருபது வருடமாக வேட்டைக்குப் போகிறவர். நாங்கள் போய் இறங்கியதும் என் சமையல் பையைத்தான் முதலில் பார்த்தார்.

"தங்கச்சி, நாலு நாளைக்குத் தாளிக்கப்படாது. வெங்காயமும் பொரிக்கப்படாது. மான் உலகத்தை மூக்காலதான் பாக்கிறது."

வேட்டை உடுப்பெல்லாம் வாசமில்லாத சவர்க்காரத்தில் தோய்த்து வெளியில் காயப்போட்டதாம். முகத்துக்குக் கிறீம் கூடாதாம். என்னிடமிருந்து கறிவேப்பிலையைப் பறித்து ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்தார். பாணும் அவித்த முட்டையும்தான் சாப்பாடு. மானுக்காக நாங்கள் விரதம் இருக்கிறோம் என்று சொல்லிச் சிரித்தேன்.

முதல் நாள் நன்றாகத்தான் நடந்தேன். செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியுமாகக் கணவருக்குப் பின்னால் சேற்றில் கால் புதைய, விழுந்த மரங்களைத் தாண்டி, பாறைகளில் ஏறி இறங்கினேன். மணிக்கு ஒருக்கால் அவர் நின்று தண்ணீர் குடித்து, இடுப்பைக் கொஞ்சம் வளைத்து நிமிர்த்துவார். திரும்பி வந்ததும் காலுறைக்குள் அரிசி போட்டு முடிந்து, விறகடுப்பின் மேல் சூடாக்கி நோ வர முன்னரே முதுகுக்கு ஒத்தணம் வைத்தார். கால் இரண்டையும் சுவரில் உயர்த்திப் போட்டுக்கொண்டு படுத்தார். நான் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல வேட்டைக்காரர்," என்று நக்கல் அடித்தேன்.

உடம்பு நோ நடந்த அன்றே வருவதில்லை. ஓர் இரவு படுத்து யோசித்துவிட்டுத்தான் வரும். இரண்டாம் நாள் காலையில் வெளியில் இருந்த மலசலகூடத்துக்குப் போனேன். குந்த முடியவில்லை. எப்படியோ கதவைப் பிடித்துக் குந்தினேன், பிறகு எழும்ப முடியவில்லை. கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்ததும், "குளிர் கொஞ்சம் கூட," என்று சொல்லிச் சமாளித்தேன். நீதிபதியாக வந்தவள் தன் காலைப் பற்றி எப்படி முறையிடுவது?

மூன்றாம் நாள் விடியற்காலை என் கைப்பையின் அடியில் கையை விட்டேன். எங்கள் பெண்களின் கைப்பையில் வீட்டுப் பூட்டின் திறப்பு இல்லாவிட்டாலும் ஒரு சின்னப் போத்தல் நோத்தைலம் இருக்கும். கற்பூரமும் யூக்கலிப்ரஸும் மூக்கில் ஏறுகிற சாமான். மூன்று காற்சட்டை போடுகிறேன், அதைத் தாண்டி வாசம் எங்கே போகப்போகிறது என்று இரண்டு தொடையிலும் அள்ளிப் பூசினேன். சுகமென்றால் அப்படி ஒரு சுகம்.

ஒரு மேட்டில் அவரும் நானும் ஒரு மரத்தடியில் இருந்தோம். எட்டு மணி இருக்கும், பெரிய கொம்போடு ஒரு கிடாய் மான் சத்தமில்லாமல் வெளியில் வந்தது. என் கணவர் துவக்கைத் தோளுக்குக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து எங்கள் முதுகுப் பக்கமிருந்து காற்று லேசாக அடித்தது. மான் தலையை நிமிர்த்தியது. முன்காலால் நிலத்தை ஒரு தட்டுத் தட்டி, பெரிதாக ஒரு சீறல் விட்டது. பிறகு வெள்ளை வால்தான் தெரிந்தது.

அவர் துவக்கை இறக்கினார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தைலமோ?"

"என்ன தைலம்?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் வேலை இடத்தில் மற்றவர்களைப் பார்க்கப் பயன்படுத்துவேன். என்மேல் ஒருவரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

"ரெண்டு துடையிலையும்," என்றேன். "நேற்றுக் காலமை துடக்கம் நடக்கேலாமல் கிடக்கு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சத்தம் வராமல் சிரிக்கப் பார்த்து, ஏலாமல் போய், மரத்தில் சாய்ந்து சிரித்தார்.

"உம்மட வாயால வர முந்தி மானுக்குத் தெரிஞ்சிட்டுது," என்றார்.

பிறகு என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு தடியை முறித்துத் தந்து, இறக்கத்தில் பக்கவாட்டாகக் காலை வைக்கக் காட்டித் தந்தார். காட்டு வீட்டுக்கு வந்ததும் அண்ணை, "மான் சீறின சத்தம் கேட்டுது. என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"காத்து மாறிட்டுது, அண்ணை," என்றார் என் கணவர். என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த அன்பைக் கலியாணம் கட்டிய புதிதில்கூட நான் உணரவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் அண்ணைக்கு ஒரு மான் விழுந்தது. பாதை அரை மைல் தள்ளி. மானை ஒரு பிளாஸ்ரிக் சறுக்குப் பலகையில் கட்டி, அண்ணை ஒரு கயிற்றையும் என் கணவர் மற்றக் கயிற்றையும் பிடித்தார்கள். நான் தடியோடு பின்னால் நொண்டிக்கொண்டு வந்தேன். கொஞ்சத் தூரம் ஏற்றம். அங்கே அவர் ஒரு காலை மாற்றி வைத்தார். முகம் சிரித்தபடிதான் இருந்தது. கண் மட்டும் சுருங்கியது.

நான் பார்க்காதது மாதிரி வந்திருக்கலாம். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும், அவர் துவக்கும் தப்பிவிடும். ஆனால் அந்தப் பதினொரு நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

"இஞ்சேருங்கோ, நோகுதோ?"

அவர் நின்றார். கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார், தோளில் தொங்கிய துவக்கைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு என்ன விலை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இருபத்தாறு வருடக் கலியாணத்தில் அதற்கு அவர் சொன்ன பதில் "இல்லை" ஒன்றேதான்.

"ஓம்," என்றார். "இடப்பக்கம். இப்பதான் பிடிச்சது."

கயிற்றை நிலத்தில் வைத்துவிட்டு, "அண்ணை, என்னால ஏலாது. நான் கொஞ்சம் இருக்கிறன்," என்றார். அண்ணை ஒரு கணம் அதிசயமாகப் பார்த்தார். அந்தக் கயிற்றை நான் எடுத்தேன். என் தொடை இரண்டும் கத்தின, கத்தட்டும் என்று இழுத்தேன். பத்தடிக்கு ஒருக்கால் நின்று நின்று, இருட்ட முன்னர் பாதைக்கு வந்துவிட்டோம்.

அடுத்த நாள் வீடு திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். மணிக்கு ஒருக்கால் நிறுத்தி அவரை இறக்கி நடக்கவிட்டேன். நிமிர்ந்துதான் நடந்தார். மூன்றாம் முறை ஏறியதும், "அண்ணையோட கதைச்சிட்டன். துவக்கை அவர் எடுக்கிறாராம்," என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"விக்க வேண்டாம்," என்றேன்.

"நோ வந்தால் விக்கிறது எண்டுதானே கதை?"

"கேட்ட உடனை சொன்னியள். எனக்கு அது போதும்."

அவர் யன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சத் தூரம் போனதும் இருக்கையைப் பின்னால் சாய்த்தார்.

"இப்பவும் கொஞ்சம் நோகுது," என்றார், நான் கேட்காமலே.