துண்டின் மேல் வைத்த காவடி

1933 ஜூலை 4 — 6 காசு
ஆகஸ்ட் 19 — 10 காசு
செப்டம்பர் 30 — 10 காசு
அக்டோபர் 12 — 5 வெள்ளி
அக்டோபர் 13 — 8 வெள்ளி 40 காசு
1934 ஜனவரி 29 — 20 காசு

இவை பினாங்கில் வட்டித்தொழில் செய்த தேனப்பன் செட்டியாரின் சொந்தச் செலவுகள்; வெள்ளி என்பது அந்த ஊர் டாலர், நூறு காசு. முதலாவது ஒரு புட்டி ஓமத்திரவம். அடுத்த இரண்டும் துறைமுகத்திலிருந்து பினாங்குத் தெருவுக்கு ரிக்‌ஷாக் கூலி. பதினெட்டு வருஷமாக அந்தத் தூரத்தை நடந்தே கடந்தவர் அவர். கிட்டங்கி என்று சொல்லும் வட்டிக்கடையில் பெட்டிக்கு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். மார்பு அடைத்தால் வாயு; இடது கை கனத்தால் சுளுக்கு.

நாலாவது தொகை டாக்டருக்கு. அக்டோபர் 12 காலையில் பெட்டியைத் திறக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சமையற்காரர் பக்கிரிசாமி ஓமத்தண்ணீரோடு ஓடி வந்தார். பின்னாலேயே வந்த டாக்டர் ஜெயராஜ் அந்தத் தம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இது வயிறு இல்லீங்க. ஹார்ட். இதுக்கு முந்தி நெஞ்சு இறுகியிருக்குமே? நடந்தா மூச்சு வாங்கியிருக்கும், சும்மா இருக்கும்போதே வேர்த்திருக்கும்."

"வாயுன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறீங்க."

ஆறு வாரம் படுக்கை. உயிர் தங்கிவிட்டது.

ஐந்தாவது தொகை ஊருக்கு அடித்த தந்தி. கண்டனூரில் அவர் மனைவி சீதை, தந்தியைப் படித்துக் காட்டிய இடத்திலேயே நின்று வேண்டிக்கொண்டாள். அவர் பிழைத்தால் தைப்பூசத்துக்கு முதல்நாள் காவடியைத் தோளில் வைத்து, பினாங்கில் வெள்ளி ரதத்துக்குப் பின்னால் தண்ணீர்மலை முருகன் கோவில்வரை நடந்து வருவார். இந்தச் செய்தி கடிதமாகப் பினாங்குக்கு வந்தபோது செட்டியார் கட்டிலை விட்டு எழுந்து பத்தடி நடக்கத் தொடங்கியிருந்தார்.

டாக்டரிடம் அதைச் சொன்னார்.

"வேண்டிக்கிட்டது ஆச்சி. நடக்கப்போறது நீங்க. ரெண்டாவது தடவை வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

வேண்டுதலை மாற்றிவிடும்படி செட்டியார் ஊருக்கு எழுதினார். சீதை நாலு வரியில் பதில் போட்டாள். சாமிக்குக் கொடுத்த வாக்கில் குறை வைத்தால் பிள்ளைகளுக்கு ஆகாது. காப்பாற்றினவனுக்கு நடத்திக் கூட்டிப்போகத் தெரியும்.

பிள்ளைகள் இரண்டு. அவர் போகாமல் இருந்து, நாளை அதுகளில் ஒன்றுக்குச் சுரம் கண்டாலும் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? போவதென்று முடிவு செய்தார். டாக்டரிடம் சொல்லிவிட்டே செய்தார். டாக்டர் கோபப்படவில்லை.

"ஒண்ணு மட்டும் கேளுங்க. அது சொல்லாம வராது. சொன்னா நின்னுடுங்க. யாரு சிரிச்சாலும் சரி, எந்த எடமானாலும் சரி."

ஜனவரி 29 விடியற்காலையில் ரதம் புறப்பட்டது. தெருவுக்குத் தெரு தேங்காய் உடைத்தார்கள். செட்டியார் மயிற்பீலிக் காவடியோடு நிதானமாகத்தான் நடந்தார். பக்கிரிசாமி மோர்ச்சட்டியோடு கூட வந்தார். டத்தோ கிராமாட் சாலையில் வெயில் ஏறியபோது இடது தோளிலிருந்து முழங்கைவரை ஈயம் ஊற்றினாற்போல் கனத்தது. காவடியின் பாரம் என்று நினைக்கப் பார்த்தார். காவடி இருந்தது வலது தோளில்.

பக்கத்தில் நடந்த அடைக்கப்பன், அடுத்த கிட்டங்கிக்காரர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, வேல் குத்துனவனெல்லாம் ஆடிக்கிட்டுப் போறான். நீங்க ஊசிகூடக் குத்தலை, அதுக்குள்ள குளிச்ச மாதிரி வேர்த்துருச்சு?"

"அடைக்கப்பா, இதைக் கொஞ்சம் பிடி."

"என் தோள்லயே ஒண்ணு இருக்குண்ணே. நடங்க, அந்தா தெரியுது மலை."

மலை தெரியத்தான் செய்தது. தாடை இறுகியது. காவடியை மண்ணில் வைக்கக் கூடாது. வைத்தவரை அவர் பார்த்ததில்லை. இன்னும் இருபதடி நடந்தார். பிறகு நின்றுவிட்டார். பின்னால் வந்த கூட்டம் அவரைச் சுற்றிப் பிரிந்து போயிற்று.

பக்கிரிசாமி மோர்ச்சட்டியைக் கீழே வைத்தார். தோள்துண்டை உதறி, தார்ச்சாலையில் விரித்தார்.

"இதுமேல வைங்க முதலாளி. மண்ணு படாது."

செட்டியார் வைத்தார். சாலையோர மரத்தடியில் உட்கார்ந்தார். போகிற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் கண்ணை மூடி, கனம் இறங்கும்வரை அசையாமல் இருந்தார். பக்கிரிசாமி அவரை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, காவடியைத் தன் தோளில் எடுத்துப் போய்ச் சன்னதியில் சேர்த்தார். இருபது காசு அந்த ரிக்‌ஷாவுக்கு.

மூன்று நாள் கழித்து ஊருக்கு எழுதினார். துண்டையும் மறைக்கவில்லை, தாம் உட்கார்ந்ததையும் மறைக்கவில்லை. "வாக்குத் தவறியது நான். பிள்ளைகள்மேல் வராமல் என்மேல் வரட்டும்" என்று முடித்தார். அதற்குப் பின் தபால் கப்பல் வரும் நாளெல்லாம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கப்பல் வெறுங்கையோடு வந்தது. அடுத்ததிலும் ஒன்றும் இல்லை.

மே மாதம் அவர் ஊருக்கே கப்பலேறிவிட்டதால், சீதை பினாங்குக்கு எழுதிய கடைசிக் கடிதம் அந்த இரண்டுக்கும் அடுத்த கப்பலில் வந்ததுதான்:

"கடிதம் கண்டேன். உட்கார்ந்தது நல்லது. சாமிக்கு மனுஷன் வேண்டாமா? நீங்கள் நின்ற இடத்திலிருந்து கோவில் எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. எல்லாம் எழுதுகிறவர் அதை விட்டுவிட்டீர்கள். மீதியை நான் நடக்கலாம் என்றால் கணக்குத் தெரியவில்லை. அதனால் வீட்டு வாசலிலிருந்து குன்றக்குடி முருகன் கோவில்வரை முழுதாக நடந்துவிட்டேன். காலில் கொப்புளம், வேறொன்றும் இல்லை. பிள்ளைகள் சுகம். இனி மார்பு அடைத்தால் ஓமம் தேடாதீர்கள், உட்காருங்கள்."

கடிதம் வந்து சேர்ந்தது 1934 மார்ச் 9, வெள்ளிக்கிழமை.